கழித்துப் பார்த்த மஞ்சள்

என் அக்காவின் உடம்பு மஞ்சளாகிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு இது ஜோடித்துச் சொல்வதுபோல இருக்கும். நடந்தது அதுதான். எதிரே என்றால் சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம். கையை நீட்டினால் அவள் கன்னத்தைத் தொட்டுவிடலாம். தொடவில்லை, பார்த்தேன். தினமும் பார்த்தேன். பார்த்தும் தப்பாகக் கணக்குப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் அது. பினாங்குப் பாலம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய வரிசை வீட்டில் அக்கா, தங்கை நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அப்பா அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். அம்மா அவருக்கு இரண்டு வருடம் கழித்துப் போனாள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டாள். கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் "நேரம் இல்லைலா" என்று அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் நடக்கவில்லை. எனக்கு வாய் அதிகம், அதனால்தான் என்பது தெருவின் முடிவு. அந்தத் தெருவில் எங்களைத் தனித்தனியாக யாரும் குறிப்பிட்டதில்லை. "அந்த ரெண்டு பேர்" என்றுதான் சொல்வார்கள்.

நான் ஐந்து வருடம் நிபோங் திபாலில் ஒரு பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். வாரநாட்களில் அங்கே ஒரு வாடகை அறை, சனிக்கிழமை பஸ், ஃபெர்ரி, வீடு என்று ஓடியது. பிறகு சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு தீவில் இருந்த பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வெளிநாட்டில் மேலே படிக்க இடம் தயாராக இருந்தது. அந்தக் கடிதத்தை அக்கா சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஆனால் குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தேதிதான் இரண்டு மாதமும் எங்கள் வீட்டை ஆட்டிப் படைத்தது.

என் வேலை இரட்டை நட்சத்திரங்களின் தூரத்தைக் கணிப்பது. வானத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும் சில நட்சத்திரங்கள் உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. சுற்றும் பாதை நம் பார்வைக்கு நேராக அமைந்துவிட்டால் ஒன்று மற்றதை மறைக்கும். அப்போது அந்தப் புள்ளியின் வெளிச்சம் குறையும், பிறகு பழையபடி கூடும். எவ்வளவு நேரம் மறைத்தது, எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றன என்பது தெரிந்தால் ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டர் அகலம் என்று சொல்லிவிடலாம். அது பாதி வேலை.

மறு பாதி நிறம். இறைச்சியைக் குச்சியில் குத்திச் சாத்தே சுடுகிறவர் கரியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இருண்ட சிவப்பு என்றால் சூடு இவ்வளவு, வெளுத்த ஆரஞ்சு என்றால் இவ்வளவு என்று பார்த்தே தெரிந்துகொள்வார். நட்சத்திரத்தையும் அப்படிப் படிக்கலாம். அதன் நிறத்தை வைத்து, அதன் முகத்தில் ஒரு சாண் இடம் எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்று சொல்லலாம். ஒரு சாணுக்கு இவ்வளவு என்றால், நமக்கு வந்து சேரும் மொத்த வெளிச்சத்துக்கு அந்த முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கணக்குப் போடலாம். உண்மையான அகலம் ஏற்கனவே கையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய முகம் இவ்வளவு சிறிதாகத் தெரிந்தால் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது தானாக வந்துவிடும். முகத்தின் நிறத்தைப் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தெருவில் கேட்டவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

ஒரு சிக்கல் உண்டு. நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் தூசி இருக்கிறது. அது வெளிச்சத்தையும் குறைக்கும், நிறத்தையும் சிவப்பாக்கும். விடிகாலையில் எஸ்பிளனேடு கடற்கரையில் நின்றால் அக்கரையில் பட்டர்வொர்த் புகைக்குள்ளிருந்து சூரியன் செக்கச்செவேல் என்று எழும்பும். அதைப் பார்த்துச் சூரியனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று யாரும் பயப்படுவதில்லை, மனசுக்குள்ளேயே புகையைக் கழித்துக்கொள்கிறோம். அதேபோல நட்சத்திரத்தின் நிறத்திலிருந்து தூசியின் பங்கைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில் சந்தேகம் வந்தால், தூசியால் மாறாத வேறு ஏதாவது ஒன்றைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பதை நான் அடிக்கடி விட்டுவிடுவேன். கழிப்பது மட்டும் கைப்பழக்கமாகிவிட்டது.

இதில் வேடிக்கை, அந்த நட்சத்திரங்களை நான் பார்த்ததே இல்லை. பினாங்கு வானத்தில் பாதி நாள் மேகம், மீதி நாள் மழை. யாரோ எங்கோ ஒரு மலையுச்சியில் அளந்து அச்சிட்ட அட்டவணைகளின் போட்டோஸ்டாட் பிரதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதுதான் என் வானசாஸ்திரம்.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் முகத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கம் கிடையாது. அம்மா பூசி நான் பார்த்ததில்லை. அக்காவுக்கு அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி, பைராம் என்ற எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். காலையும் மாலையும் மஞ்சள் இழைத்துப் பூசிக்கொள்ளாமல் வாசலுக்கு வரமாட்டார். அக்காவுக்கு முப்பது வயதில் கன்னமெல்லாம் பரு கிளம்பி, எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. ஆன்டி ஒரு சின்னக் கல்லும் ஒரு கைப்பிடி மஞ்சள் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தார். பரு போய்விட்டது, மஞ்சள் போகவில்லை. குளியலறை ஜன்னல் திட்டில் அந்தக் கல் எட்டு வருடமாக இருந்தது.

எனக்கு அந்த மஞ்சளைக் கண்டாலே எரிச்சல். அவளுடைய தலையணை உறை மஞ்சள், துண்டு மஞ்சள், ரவிக்கைக் கழுத்து மஞ்சள். "மாரியம்மன் மாதிரி வந்து நிக்காதே" என்று கேலி செய்வேன். ஆபீசில் ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய டைப்ரைட்டரைக் கேட்டு வாங்கி வந்து, என் ஆய்வேட்டை அவளே அடித்துத் தருவதாகச் சொன்னபோது நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. முதல் பக்கத்தில் மஞ்சள் ரேகை விழுந்தால் கொன்றுவிடுவேன் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

தினமும் சாயங்காலம் அவள் ஆபீஸ் விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, சாப்பிட்டுவிட்டு மேசைக்கு வருவாள். மேலே ஒரு குண்டு பல்பு. டியூப் லைட் என் கண்ணைக் கூசுகிறது என்று நான்தான் பிடிவாதமாக அதைப் போட்டிருந்தேன். அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதமே சந்தன நிறமாகத்தான் தெரியும். அவள் அடிப்பாள், நான் எதிரே அடுத்த அத்தியாயத்தை எழுதுவேன். ஒன்பது மணிக்கு அவளுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்த இரண்டு மாதத்தில் அவள் மாறிக்கொண்டிருந்தாள். மாறியது எல்லாம் என் கண்ணில் பட்டது, அதை மறைக்க மாட்டேன். முதலில் களைப்பு. படியேறி வந்தால் நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். ஆபீஸ் வேலையும் என் வேலையும் சேர்ந்தால் களைப்பு வரத்தானே செய்யும் என்று அதைக் கழித்தேன். பிறகு அரிப்பு. கையையும் காலையும் சொறிந்துகொண்டே இருப்பாள். சோப்பு மாற்றினாள் இல்லையா, அதுதான் என்று அதையும் கழித்தேன். வடை, பொரித்த மீன் எதையும் தொடுவதில்லை. பித்தம் என்று அவளே சொன்னாள், எனக்கு அது வசதியாகப் போயிற்று. இளைத்தாள். நானும்தான் இளைத்திருந்தேன்.

அப்புறம் முகம். ஒரு நாள் அவள் டைப்ரைட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கா, தங்கச்சி?"

நான் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் மஞ்சள். என் மூளை தன் வேலையைச் செய்தது. குண்டு பல்புக்கு இவ்வளவு, அவள் பூசுவதற்கு இவ்வளவு என்று கழித்தது. கழித்தால் மீதி அக்கா, எப்போதும் இருக்கிற அக்கா.

"மஞ்சளை அப்பிக்கிட்டு வந்தா வேற எப்படி இருக்கும்? போய் நல்லா கழுவு" என்றேன்.

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "அப்படியா" என்றாள். பிறகு சின்னதாகச் சிரித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். எழுந்து போய்க் கழுவவில்லை. சொன்னதைக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இருவருக்கும் இல்லை என்பதால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம்தான் அவள் அடித்த பக்கங்களில் பிழைகள் கூட ஆரம்பித்தன. கப்பல் ஆபீசில் இருபது வருடம் பிழையில்லாமல் அடித்தவள் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். ஒரு எண்ணை இரண்டு முறை அடித்தாள். நான் சிவப்புப் பேனாவால் சுழித்துச் சுழித்து அவள் முன்னால் போட்டேன்.

"உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடு. நான் வேற டைப்பிஸ்ட் பாத்துக்கிறேன். நான் போறது உனக்குப் பிடிக்கலை, அதான் இப்படிச் செய்யறே."

இப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னேன். இன்றைக்கும் தனியாக இருக்கும்போது இந்த வாக்கியம் தானாக வாயில் வரும், வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். அக்கா எழுந்தாள். சுழித்த பக்கங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய், மறுநாள் எல்லாவற்றையும் திருப்பி அடித்து வைத்திருந்தாள்.

கொடுக்க வேண்டிய தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது இடி விழுந்தது. நான் முக்கியமாக நம்பியிருந்த ஓர் இரட்டை நட்சத்திரத்துக்கு நான் கணித்த தூரம், வேறு வழிகளில் மற்றவர்கள் கணித்ததைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. என் மேற்பார்வையாளர் அதிகம் பேசாதவர். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். கால்குலேட்டரில் மூன்று நாள் திருப்பித் திருப்பிப் போட்டேன். அதே விடை. முறையே தப்பு என்று எழுதிவிடலாமா, மற்றவர்கள் எல்லாரும் தப்பு என்று எழுதிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. சாமித்தட்டுப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

நான்காம் நாள் அக்கா பின்னிணைப்பு அட்டவணையை அடித்துக்கொண்டிருந்தாள். நான் கையால் எழுதிக் கொடுத்ததையும் மூலப் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அடிப்பது அவள் பழக்கம். பாதியில் நிறுத்தினாள்.

"இந்தக் கலர் வரிசைக்கு மேல ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கு. நீ எழுதினதுல இல்லை. அடிக்கணுமா?"

"வேணாம். அதெல்லாம் சும்மா."

"சும்மான்னா கீழே ஏன் விளக்கம் போட்டிருக்கான்? தூசிக்கு ஏற்கனவே கழிச்சாச்சுன்னு இருக்கே. இந்த வரிசைக்கு மட்டும். நீயும் கழிச்சியா?"

நான் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். போட்டோஸ்டாட்டின் அடியில், கறுப்புத் தீற்றலுக்கு நடுவில், கடுகு மாதிரி எழுத்து. அந்த நிறம் ஏற்கனவே திருத்தப்பட்டது. நான் அதிலிருந்து இன்னொரு முறை தூசியைக் கழித்திருந்தேன். இல்லாத தூசியைக் கழித்ததால் நட்சத்திரம் இருப்பதைவிட நீலமாகிவிட்டது. நீலமானதால் அதன் முகம் பிரகாசமாகிவிட்டது. பிரகாசமானதால் முகத்தின் அளவு சிறிதாகி, நட்சத்திரம் தூரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

"எங்க ஆபீஸ்ல கப்பலே இந்தப் பொடி எழுத்துலதான் நிக்குதுலா" என்றாள் அக்கா. "மேல என்ன வேணா எழுதியிருக்கும். நாங்க மொதல்ல கீழேதான் படிப்போம்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் தோளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். எலும்பு கையில் பட்டது. அவள் முகம் என் முகத்துக்கு அரைச் சாண் தூரத்தில் இருந்தது. அப்போதும் நான் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கணக்கைத் திருத்திப் போட்டேன். தூரம் மற்றவர்கள் சொன்னதோடு ஒத்துவந்தது. முக்கில் இருந்த கடையில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தேன், நாங்கள் கொண்டாடும் முறை அது. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தாள். எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை என்றாள். அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஆய்வேட்டைப் பைண்ட் செய்து குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அக்கா ஆபீஸ் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். பகல் வெளிச்சம் நேராக அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. குண்டு பல்பு இல்லாமல் அவளை நான் நின்று பார்த்து எவ்வளவு நாள் ஆகியிருந்தது என்று தெரியவில்லை.

ஒரு மலாய் நர்ஸ், இளம் வயது, ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மலாயில் மெதுவாகக் கேட்டார், உங்கள் அக்கா முகத்துக்கு மஞ்சள் பூசுவாரா என்று. ஆமாம், எட்டு வருடமாக என்றேன். அவர் துணியை விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. பிறகு அக்காவின் கண் இமையைக் கட்டை விரலால் கீழே இழுத்துக் காட்டினார். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாக இருந்தது.

கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லை. சரிபார்க்க அது ஒன்று போதும். இரண்டு மாதமாக அது என் எதிரே, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது.

டாக்டர் தமிழர், நிதானமாகப் பேசுகிறவர். பித்தக் குழாயில் ஒரு கட்டி, அது அடைத்ததால் மஞ்சள் ஏறியிருக்கிறது, கட்டி ஈரலுக்கும் போய்விட்டது என்று விளக்கினார். எவ்வளவு நாளாக மஞ்சள் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"கூட இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அவர் குற்றம் சாட்டவில்லை. ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நான் கேட்டேன். "முன்னாலேயே வந்திருந்தா ஆபரேஷனுக்கு வழி இருக்கான்னு பாத்திருக்கலாம். இப்ப அதுக்கு வழி இல்லை. நிச்சயமா எதையும் சொல்ல முடியாது" என்றார். அந்த நிச்சயமின்மையை எனக்கு ஆறுதலாகத்தான் கொடுத்தார். என்னால் அதை அப்படி வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று மாலை அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். சோப்பும் துண்டும் எடுக்கக் குளியலறைக்குள் போனேன். ஜன்னல் திட்டில் அந்தக் கல் இருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் கிடந்த கிழங்கு சுருங்கி, முனையில் பூஞ்சை பூத்திருந்தது. கல்லின் நடுக்குழியில் ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது. நான் தினமும் இரண்டு வேளை குளித்த அறை அது. கொடியில் கிடந்த துண்டை எடுத்து விரித்துப் பார்த்தேன், எங்கேயும் கறை இல்லை. அலமாரியில் இருந்த தலையணை உறைகளும் வெளுத்திருந்தன.

அவள் பூசுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். நான் இல்லாத மஞ்சளைத் தினமும் அவள் முகத்திலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். "எப்பலேருந்து பூசலை?"

"அரிப்பு வந்ததுலேருந்து. மஞ்சள் ஒத்துக்கலை போலன்னு நினைச்சேன்."

"அன்னிக்கு நான் கழுவிட்டு வான்னு சொன்னேனே. பூசவே இல்லைன்னு ஏன் சொல்லலை?"

"எட்டு வருஷம் பூசினது தோல்ல ஊறிப்போச்சு போலன்னு நினைச்சேன். பூசாமலே பூசின மாதிரி இருக்கேன்னு கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

"ஒடம்புக்கு முடியலைன்னாவது சொல்லியிருக்கலாம்லா அக்கா."

"நீதான் தினம் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தியே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தோட மூஞ்சியைப் பாத்து எல்லாம் சொல்றவ. எனக்கு ஏதாவது இருந்தா நீ சொல்லியிருப்பேன்னு இருந்துட்டேன்."

என்னால் அந்த வார்டில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை நம்பியிருந்தாள், என் படிப்பை நம்பியிருந்தாள். தெருவில் நான் அளந்துவிட்டதை எல்லாம் உண்மையென்று எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

ஏழு வாரம் இருந்தாள். முதல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில். ஆய்வேடு ஏற்கப்பட்டது என்ற கடிதம் அவள் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. படித்துக் காட்டச் சொன்னாள். முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த மற்ற கடிதத்தையும் எடுத்து வரச் சொல்லி, போக வேண்டிய நாளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "போயிடு" என்றாள். போகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த வருடம் நிபோங் திபால் பள்ளிக்கே திரும்பி, பணி ஓய்வு வரை அங்கேதான் இருந்தேன். அதில் தியாகம் எதுவும் இல்லை. நிறத்தை வைத்து ஒன்றைச் சொல்லும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது.

குண்டு பல்பைக் கழற்றிவிட்டு டியூப் லைட் போட்டேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அவளைத் தினமும் பார்த்தேன். மஞ்சள் கறுத்துப் பச்சையோடியது. எதையும் கழிக்காமல் பார்த்தேன். பார்க்க முடியாமல் இருந்த நாட்களிலும் பார்த்தேன். என்ன பிரயோசனம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள்.

தெருப் பெண்கள் வந்து குளிப்பாட்டினார்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். ஈரத்தைத் துடைத்து, ஆபீசுக்குக் கட்டிப்போகும் நீலச் சேலையையே உடுத்தினோம். பக்கத்து வீட்டு ஆன்டி தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணமாகாத பெண், மஞ்சள் பூசித்தான் அனுப்ப வேண்டும் என்று வாசலிலேயே யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. அக்காவுக்கு மஞ்சள் பழக்கிவிட்டவர் அவர்தானே.

விரலில் மஞ்சளைத் தொட்டுக்கொண்டு குனிந்தவர் அக்காவின் முகத்துக்கு நேராகக் கையை நிறுத்தினார். நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏற்கனவே பூசிட்டியா, தங்கச்சி?"

"பூசலை ஆன்டி" என்றேன். "அதுதான் அவ நிறம்."

ஆன்டி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.